டாக்டர் கைவிரித்த பிறகும் வழி உண்டு!

"நரம்பு போயிடுச்சும்மா. இனிமே ஆபரேஷன் பண்ணிப் பிரயோஜனம் இல்லே."

கண் டாக்டர் இப்படிச் சொன்னதும் நாம் என்ன செய்கிறோம்? ரிப்போர்ட்டை எல்லாம் மடித்துப் பையில் போட்டுக் கொண்டு, திருச்சியிலிருந்தோ மதுரையிலிருந்தோ புதுக்கோட்டை பஸ்ஸைப் பிடிக்கிறோம். வீட்டுக்கு வந்ததும் அப்பத்தாவைக் கூடத்து மூலையில் கட்டில் போட்டு உட்கார வைக்கிறோம். "நீங்க எதையும் தொடாதீங்க, விழுந்துடுவீங்க. வேணுங்கறதைக் கேளுங்க, நாங்க எடுத்துத் தர்றோம்!"

அன்போடுதான் சொல்கிறோம். ஆனால் அன்றைக்கே அந்த மனுஷி தானே காபி ஆற்றிக் குடிப்பது, பேப்பர் பார்ப்பது, கோயிலுக்குப் போய் வருவது, சுருக்குப்பைக் காசை எண்ணிப் பார்ப்பது எல்லாம் நின்று போகிறது. கண்ணில் பாதி போனது வியாதியால். கையையும் காலையும் கட்டிப் போட்டது யார்?

டாக்டர் சொன்னதைச் சரியாகப் புரிந்து கொள்ளுங்கள். மருந்தாலும் ஆபரேஷனாலும் இதற்கு மேல் பார்வையைக் கூட்ட முடியாது என்பதுதான் அவர் சொன்னது. மிச்சம் இருக்கிற பார்வையை வைத்துப் படிக்க, நடக்க, சமைக்க, சம்பாதிக்க ஏராளமான சாதனங்கள் வந்திருக்கின்றன. சில, வீட்டில் கத்திரிக்கோலும் கறுப்பு அட்டையும் இருந்தாலே போதும், நீங்களே செய்துவிடலாம்.

அதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை. பார்வை மங்குவது கண்புரையாலா, கண்ணாடிப் பவர் மாறியதாலா என்று முதலில் பார்த்துவிடுங்கள். புரைக்கு வைத்தியம் ஆபரேஷன்தான், பூதக்கண்ணாடி இல்லை. சர்க்கரை வியாதிக்காரர்கள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். கண்ணில் பிரஷர் இருப்பவர்கள், "அதான் பார்வை திரும்பாதுன்னுட்டாங்களே" என்று சொட்டு மருந்தை நிறுத்தவே கூடாது. அந்த மருந்து போனதைத் திருப்பித் தராது. இருப்பதைக் காவல் காக்கிறது. திடீரென்று கண்ணில் மின்னல் வெட்டுவது போலவோ, திரை விழுந்தது போலவோ தெரிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

தெரிகிறதா, தெரியவில்லையா?

கண் என்றால் ஒன்று தெரியும், இல்லாவிட்டால் தெரியாது என்றே நாம் நினைக்கிறோம். நடுவில் ஒரு பெரிய பிரதேசம் இருக்கிறது. சட்டமே அதை ஒப்புக் கொள்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, கண்ணாடி போட்டுப் பார்த்தும் நல்ல கண்ணின் பார்வை 3/60க்குக் கீழே இருந்தால் 'பார்வையின்மை'. அதாவது மற்றவர்கள் 60 மீட்டர் தூரத்திலிருந்து படிக்கிற எழுத்தை இவர் 3 மீட்டருக்கு வந்தாலும் படிக்க முடியாது. அதற்கு மேலே 6/18 வரை 'குறைந்த பார்வை'. பார்வையற்றவர் என்று சர்டிஃபிகேட் வாங்கினவர்களில்கூடப் பலருக்கு வெளிச்சமும் நிழலும், பெரிய உருவங்களும் தெரியும்.

இந்த நடுப்பிரதேசத்தில்தான் குடும்பச் சண்டைகள் நடக்கின்றன! எப்படி என்கிறீர்களா?

விழித்திரையின் மையப் பகுதி கெட்டுப் போனவரைப் பாருங்கள். வயசானவர்களுக்கு இது அதிகம். சுற்றுப்புறம் தெரியும், நேராகப் பார்க்கிற இடம் மட்டும் கலங்கிப் போயிருக்கும். ஆகவே தெருவில் ஜம்மென்று நடந்து போவார். எதிரே வருகிற சொந்தக்காரர் முகம் மட்டும் தெரியாது. "பார்த்தும் பாக்காத மாதிரி போறா அத்தாச்சி. அவ்வளவு கர்வம்!" என்று பேச்சு கிளம்பிவிடும்.

இன்னொரு வகை இதற்கு நேர் எதிர். கண் பிரஷர் முற்றியவர்களுக்கும், ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்கிற பரம்பரை விழித்திரை நோய் உள்ளவர்களுக்கும் ஓரப் பார்வை சுருங்கிக் கொண்டே வரும். குழாய் வழியாகப் பார்ப்பது போல நடுவில் மட்டும் தெரியும். பேப்பரில் பொடி எழுத்தைக் கூடப் படிப்பார். காலடியில் இருக்கிற ஸ்டூலில் இடித்துக் கொள்வார். "படிக்கத் தெரியுது, நடக்கத் தெரியலையா? நடிக்கிறான்!" என்று வீட்டிலேயே சொல்வார்கள். பரம்பரை நோய்க்காரர்களுக்கு இருட்டினால் சுத்தமாகத் தெரியாது. மாலைக்கண் என்று நினைத்து முருங்கைக்கீரையும் கேரட்டுமாகக் கொடுத்துக் கொண்டிருப்போம். வைட்டமின் குறைவால் வரும் மாலைக்கண் வேறு, இது வேறு. அத்தை மகன், மாமன் மகள் என்று நெருங்கிய சொந்தத்தில் தலைமுறை தலைமுறையாகப் பெண் கொடுத்து எடுக்கிற குடும்பங்களில் இது வருகிற வாய்ப்பு கூடுகிறது என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

இந்த இரண்டு வகையையும் பிரித்துத் தெரிந்து கொள்ளாமல் சாதனம் வாங்கினால் பணம் வீண். மையப் பார்வை போனவருக்குப் பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் வரப்பிரசாதம். குழாய்ப் பார்வைக்காரருக்கு எழுத்தைப் பெரிதாக்கினால், தெரிகிற சின்ன வட்டத்துக்குள் ஒரு எழுத்துத்தான் நிற்கும்! அவருக்கு வேண்டியது நல்ல வெளிச்சமும், நடப்பதற்கு ஒரு கோலும்.

மூக்கு நுனியில் புத்தகம்

பூதக்கண்ணாடி என்றதும் கடையில் போய்ப் பெரிய வட்டமாகப் பார்த்து வாங்கி வருகிறோம். பெரிய வட்டம் என்றால் பவர் குறைவு என்று அர்த்தம். பவர் கூடக் கூட லென்ஸ் சிறியதாகும், பார்க்கிற தூரமும் குறையும். கணக்கு ரொம்ப சுலபம். 100ஐப் பவரால் வகுத்தால் எத்தனை சென்டிமீட்டரில் பிடிக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். 10 பவர் கண்ணாடி என்றால் 10 சென்டிமீட்டர். 20 பவர் என்றால் 5 சென்டிமீட்டர். கிட்டத்தட்ட மூக்கு நுனி! இது தெரியாமல் வழக்கமான தூரத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே தெரியலே, ஏமாத்திட்டான்" என்று பீரோவில் தூக்கிப் போட்ட கண்ணாடிகள் எத்தனையோ.

"இவ்வளவு கிட்ட வச்சுப் படிச்சா இருக்கிற பார்வையும் போயிடாதா?" போகாது. குறைந்த பார்வை உள்ளவர் கிட்டத்தில் வைத்துப் படிப்பதால் நோய் அதிகமாவதில்லை. கண் களைத்துப் போகும், கொஞ்சம் மூடி வைத்திருந்தால் சரியாகிவிடும். அவ்வளவுதான்.

கை நடுங்குகிறவர்களுக்குக் கையில் பிடிக்கிற லென்ஸ் சரிவராது. காகிதத்தின் மேலேயே கால் ஊன்றி நிற்கிற லென்ஸ் உண்டு. தள்ளிக் கொண்டே படிக்கலாம். கரும்பலகை, பஸ் போர்டு பார்க்கச் சின்ன டெலஸ்கோப் இருக்கிறது. இவற்றை நீங்களாகக் கடையில் வாங்காதீர்கள். பெரிய கண் ஆஸ்பத்திரிகளில் குறைந்த பார்வைக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. டாக்டர் வெங்கடசாமி 1976இல் மதுரையில் ஆரம்பித்த அரவிந்த் ஆஸ்பத்திரி ஓர் உதாரணம். எந்த ஆஸ்பத்திரியில் காட்டுகிறீர்களோ அங்கே "லோ விஷன் கிளினிக் எங்கே இருக்கு?" என்று வாய் விட்டுக் கேளுங்கள். டாக்டர் அவசரத்தில் சொல்லாமல் விட்டிருக்கலாம். கேட்டால் சீட்டு எழுதித் தருவார்.

கத்திரிக்கோல் போதும் என்றேனே, அது இதுதான். போஸ்ட் கார்டு அளவுக்கு ஒரு மொத்தமான கறுப்பு அட்டை. நடுவில் இரண்டு வரி தெரிகிற அளவுக்கு நீளமாக ஒரு ஜன்னல் வெட்டுங்கள். பக்கத்தின் மேல் வைத்தால் வேண்டிய வரி மட்டும் தெரியும், சுற்றியிருக்கிற வெள்ளைக் காகிதத்தின் கூச்சம் மறையும், வரி தாவாது. பாங்க் செலான் கையெழுத்துக்கும் இதே அட்டை உதவும். இதோடு ஒரு டேபிள் லைட்; கண்ணில் அடிக்காமல், எந்தக் கண் நன்றாகத் தெரிகிறதோ அந்தப் பக்கத் தோளுக்குப் பின்னாலிருந்து புத்தகத்தில் விழ வேண்டும். இந்த இரண்டிலேயே பாதிப் பேர் முகம் மலர்ந்துவிடும்!

அடுப்படியில் கறுப்பும் வெள்ளையும்

குறைந்த பார்வைக்காரர்களுக்குப் பொருள் தெரிவதைவிட, பொருளுக்கும் பின்னணிக்கும் உள்ள வித்தியாசம் தெரிவதுதான் முக்கியம். வாழை இலையில் சோறு பளிச்சென்று தெரிகிறது. அதே சோறு வெள்ளைப் பீங்கான் தட்டில் காணாமல் போய்விடும்! எவர்சில்வர் டம்ளர் வெளிச்சத்தில் கூசும். பாலையும் மோரையும் அடர்ந்த கலர் டம்ளரிலும், காபியை வெள்ளைக் கப்பிலும் ஊற்றுங்கள். வெள்ளைச் சுவரில் வெள்ளை ஸ்விட்ச் போர்டா? சுற்றிலும் கறுப்பு டேப் ஒட்டுங்கள். படி விளிம்பில் மஞ்சள் பெயிண்ட் ஒரு கோடு. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் முற்றத்துக்கு இறங்குகிற படி இருக்கிறதே, அதற்கு இது கட்டாயம்.

மருந்து பாட்டிலுக்கு ரப்பர் பாண்டு. காலை மாத்திரைக்கு ஒன்று, ராத்திரி மாத்திரைக்கு இரண்டு. தொட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். பேசும் கடிகாரம், பேசும் தெர்மாமீட்டர், ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளந்து வாயால் சொல்லும் கருவிகள் எல்லாம் வந்துவிட்டன.

இரண்டு விஷயம் காசில்லாமல் முடியும். கதவை முழுக்கத் திறந்து வையுங்கள், அல்லது முழுக்க மூடுங்கள். பாதி திறந்த கதவுதான் நெற்றியைப் பிளக்கும். வீட்டுச் சாமான்களை இஷ்டத்துக்கு இடம் மாற்றாதீர்கள்.

ரூபாய் நோட்டு விஷயத்துக்கு வருகிறேன். 2016க்குப் பிறகு வந்த நோட்டுகளில் இடது, வலது ஓரங்களைத் தடவிப் பாருங்கள். 100 ரூபாயில் நான்கு சாய்ந்த கோடுகள் மேடாக இருக்கும். 200 ரூபாயில் நான்கு கோடும் நடுவே இரண்டு வட்டமும். 500 ரூபாயில் ஐந்து கோடு. புது நோட்டில் விரலுக்குத் தட்டுப்படும். சந்தையில் அடிபட்டு வந்த நோட்டில், ஊஹூம்! அதனால்தான் ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் 'மணி' என்றொரு செயலியைக் கொடுத்தது. போன் கேமராவை நோட்டின் மேல் காட்டினால் எத்தனை ரூபாய் என்று சொல்லும். இன்டர்நெட் வேண்டாம், காசு வேண்டாம். கள்ள நோட்டா என்று மட்டும் அதற்குச் சொல்லத் தெரியாது.

பையில் இருக்கும் வாத்தியார்

போன் என்றதும் ஞாபகம் வருகிறது. உங்கள் கையில் இருக்கிற ஆண்ட்ராய்டு போனுக்குள் 'டாக்பேக்' என்று ஒன்று ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது, தெரியுமோ? செட்டிங்ஸில் 'அணுகல்தன்மை' என்ற பகுதிக்குப் போய் அதை முடுக்கிவிட்டால் போன் பேச ஆரம்பிக்கும். விரல் படுகிற இடத்தில் என்ன இருக்கிறது என்று தமிழிலேயே வாசித்துச் சொல்லும். ஒரு தட்டு தட்டினால் சொல்லும். இரு தட்டு தட்டினால் திறக்கும். முதல் வாரம் தலையைப் பிய்த்துக் கொள்ளத் தோன்றும், ஒத்துக்கொள்கிறேன். இரண்டாம் வாரம் பழகிவிடும். ஓரளவு பார்வை இருப்பவருக்கு இதுகூட வேண்டாம். எழுத்தைப் பெரிதாக்கினாலே போதும். கேமராவைப் பெரிதாக்கி அரிசி மூட்டை விலைச் சீட்டையும் கல்யாணப் பத்திரிகையையும் படிக்கலாம். அச்சடித்த தமிழை எடுத்து வாசித்துக் காட்டுகிற செயலிகளும் இருக்கின்றன. தாத்தா கையெழுத்தில் எழுதின பழைய பத்திரம் என்றால் மட்டும் அவை தடுமாறும்.

தனியாக இருக்கும்போது யாரையாவது கேட்க வேண்டுமா? 'பீ மை ஐஸ்' என்கிற செயலி 2015இல் வந்தது. ஆரம்பித்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் யோர்கன் வீபெர்க். அவரே பார்வை குறைந்தவர். பட்டனை அழுத்தினால் உலகத்தில் எங்கோ இருக்கிற ஒரு தொண்டர் வீடியோவில் வந்து, "இது சிவப்புப் புடவை, அது நீலம்" என்று சொல்வார். பாங்க் கார்டையும் ரகசிய எண்ணையும் மட்டும் அதில் காட்டாதீர்கள்!

கம்ப்யூட்டரில் வேலை பார்த்தவருக்குப் பார்வை போனால் வேலையும் போய்விட்டது என்று அர்த்தமில்லை. திரையில் இருப்பதை வாசிக்கும் 'ஜாஸ்' என்ற மென்பொருள் பல காலமாக இருக்கிறது, விலை அதிகம். மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற ஆஸ்திரேலிய இளைஞர்கள் இருவர், இருவருமே பார்வையற்றவர்கள், "படிக்கிற உரிமைக்கு எதற்கு இவ்வளவு காசு?" என்று யோசித்து 2006இல் 'என்விடிஏ' என்ற மென்பொருளை உருவாக்கத் தொடங்கி இலவசமாகவே தந்தார்கள். புனேயில் பிறந்த டி.வி. ராமனுக்குக் கண் பிரஷரால் 14 வயதில் பார்வை போனது. கணக்குச் சமன்பாடுகளையே குரலாக மாற்றும் முறையைக் கண்டுபிடித்து 1994இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். பிறகு கூகுளில் ஆண்ட்ராய்டு போனைப் பேச வைக்கும் வேலையிலும் பங்கெடுத்தார். சென்னையின் பெனோ செஃபின் 2015இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். முழுப் பார்வையற்றவர்களில் அவர்தான் முதல். அவர் படித்ததும் ஜாஸ் துணையோடுதான்.

குழந்தை என்றால்...

குழந்தைக்குப் பார்வை குறைவு என்றால் பெற்றவர்கள் செய்கிற முதல் காரியம் மறைப்பது. "பொம்பளப் புள்ள, நாளைக்கு எவன் கட்டுவான்?" அதனால் கண்ணாடிகூடப் போடாமல் பள்ளிக்கூடம் அனுப்புகிற வீடுகள் இருக்கின்றன. போர்டு தெரியாத குழந்தை கடைசியில் 'மக்கு' என்று பேர் வாங்கும். கண்ணில் இருந்த குறை தலையில் ஏறிவிடும்!

முதல் பெஞ்ச், தடித்த கோடு போட்ட நோட்டு, கறுப்பு ஸ்கெட்ச் பேனா. இவ்வளவிலேயே பல குழந்தைகள் மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து படித்துவிடும். சாதாரணப் பள்ளியில் படிக்கிற இந்தக் குழந்தைகளுக்காக வட்டார வள மையங்களில் சிறப்பு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். உங்கள் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். பரீட்சைக்குக் கூடுதல் நேரமும், சொல்வதை எழுத ஆளும் கேட்டுப் பெறலாம்.

பார்வை போய்க் கொண்டே இருக்கும் என்று டாக்டர் சொன்னால், இருக்கும்போதே பிரெய்ல் கற்றுக் கொடுங்கள். ஆறே புள்ளிகள், அவற்றை மாற்றி மாற்றி வைத்தால் 63 வடிவங்கள். பிரான்சின் லூயி பிரெய்ல் தந்த இந்த முறையை நம் நாட்டு மொழிகளுக்கெல்லாம் பொதுவாக அமைத்ததுதான் பாரதி பிரெய்ல், 1951இல் முடிவானது. தமிழ் 'அ'வும் இந்தி 'அ'வும் அதில் ஒரே புள்ளி. இன்னொரு வேடிக்கை. நாம் 'கெ' எழுதும்போது முதலில் கொம்பு, பிறகு க. பிரெய்லில் வாய் சொல்கிற வரிசைப்படி முதலில் க, பிறகுதான் எகரம். நம் குழந்தைகளைக் குழப்புகிற கொம்பு, பிரெய்ல் குழந்தையைக் குழப்புவதில்லை!

'பெர்கின்ஸ்' பிரெய்ல் டைப்ரைட்டர் நம்மூர் காட்பாடியிலேயே வொர்த் டிரஸ்ட் நிறுவனத்தில் தயாராகி வந்திருக்கிறது. பூந்தமல்லியில் மத்திய அரசின் பார்வைக் குறையுடையோர் நிறுவனத்துக்கு மண்டல மையமும் உண்டு. பாடப் புத்தகம் தவிர வேறு புத்தகம் வேண்டும் என்றால் 2016இல் தொடங்கிய 'சுகம்ய புஸ்தகாலயா' என்ற இணைய நூலகத்தில் தேடலாம். பார்வையற்றவர் படிக்கிற மாதிரி புத்தகத்தை மாற்றப் பதிப்பாளரின் அனுமதி வேண்டாம் என்று 2012இலேயே நம் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது.

கோல் பிடிக்க வெட்கமா?

எல்லாச் சாதனத்தையும் வாங்குவார்கள், வெள்ளைக் கோலை மட்டும் தொட மாட்டார்கள். "நம்ம வீட்ல குச்சியா? ஊர் என்ன சொல்லும்?"

புதுக்கோட்டைக்காரர்களுக்கு இதற்கு நான் பதில் சொல்ல வேண்டியதே இல்லை. 1990களின் ஆரம்பத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த சமயத்தில், கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக் கொண்டார்களே, மறந்துவிட்டதா? அப்போதும் கேலி செய்தார்கள். பிறகு அதே பெண்கள் தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் வைத்து மிதித்துப் போனார்கள். கேலி எங்கே போயிற்றோ! சைக்கிள் அவர்களுக்குத் தந்ததும், யாரையும் எதிர்பார்க்காமல் நினைத்த இடத்துக்குப் போய் வருகிற சுதந்திரத்தைத்தான்.

கோல் மார்பு உயரம் இருக்க வேண்டும். இடது கால் வைக்கும்போது நுனி வலப்பக்கம் தொடும். வலது கால் வைக்கும்போது இடப்பக்கம். தோள் அகலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக வீசினால் போதும். பயிற்சி பெற்றவரிடம் கற்றுக் கொள்வது நல்லது. பள்ளமும் படியும் கோலுக்குத் தெரியும். நிற்கிற லாரியின் பின்பக்கமும், தெருப் பக்கம் திறந்த ஜன்னல் கதவும் தெரியாது. அதற்காக டெல்லி ஐ.ஐ.டி.யில் உருவாக்கிய 'ஸ்மார்ட் கேன்' 2014இல் வந்தது. வௌவால் மாதிரி ஒலி அலையை அனுப்பி, முழங்காலுக்கு மேலே தலை வரை இருக்கிற இடைஞ்சலைக் கைப்பிடி அதிர்வால் சொல்லும்.

கூட்டிப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் முழங்கையை அவர் பிடித்துக் கொள்ளட்டும். அரை அடி பின்னால் வருவார். நீங்கள் படி ஏறினால் உங்கள் கையே அவருக்குச் சொல்லிவிடும். பஸ்ஸிலும் தூக்கி ஏற்றாதீர்கள். கம்பியில் அவர் கையை எடுத்து வைத்தால் மீதியை அவரே பார்த்துக் கொள்வார்.

அட்டை வாங்கினீர்களா?

அரசு உதவிக்கெல்லாம் சாவி, யுடிஐடி என்கிற தனித்துவ அடையாள அட்டை. இணையத்தில் விண்ணப்பித்து, அரசு ஆஸ்பத்திரி மருத்துவக் குழுவில் காட்ட வேண்டும். ஆதார், போட்டோ, பழைய கண் ரிப்போர்ட்டுகள் கையில் இருக்கட்டும். 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். ஒரு கண் முழுக்கப் போய் இன்னொன்று நன்றாக இருந்தால் 30 சதவீதம்தான் போடுவார்கள். அங்கே போய்ச் சண்டை போடாதீர்கள். அட்டை வந்த பிறகு புதுக்கோட்டை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கோல், கடிகாரம், செயலியோடு கூடிய போன் இவற்றில் என்னென்ன அப்போது தருகிறார்கள், வருமான வரம்பு உண்டா என்று கேளுங்கள். வருமான வரியைப் பழைய முறையில் கட்டுகிற குடும்பங்களுக்குக் கழிவும் உண்டு, ஆடிட்டரிடம் சொல்லுங்கள்.

லோ விஷன் கிளினிக்குக்குப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். அங்கே இருக்கிற எழுத்து அட்டையைப் படித்துக் காட்டுவதற்காகவா அப்பத்தா அவ்வளவு தூரம் பஸ்ஸில் வருகிறார்? அவர் எதைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று முந்தின நாளே கேட்டு, அதையே பையில் போட்டுக் கொண்டு போங்கள். பஞ்சாங்கம் என்றால் பஞ்சாங்கம். பூ கட்டுகிற நார் என்றால் நார். பேத்தி கல்யாண ஆல்பம் என்றால் அது கனமாக இருந்தாலும் பரவாயில்லை, தூக்கிக் கொண்டு போங்கள்.